சிறைக் காவலருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி: எண்ணிக்கை முதல் வழிக்காவல் வரை

ஒரு பிளாக்கில் அறுபது எழுபது பேர் இருப்பார்கள். காவலர் ஒருவர், மிஞ்சினால் இருவர். கையில் லத்தி இருந்தாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒத்துப்போவதால்தான் அந்த பிளாக் ஒரு நாளைத் தாண்டுகிறது. யார் பிளேடு ஒளித்து வைத்திருக்கிறார், யார் மூன்று வேளையாகச் சாப்பிடவில்லை, இன்று யாருக்கும் யாருக்கும் மோதல் வரப்போகிறது என்பதெல்லாம் எப்போதும் கத்திக்கொண்டிருக்கும் காவலரின் காதுக்கு வராது. ஆளை ஆளாக மதித்துப் பேசுபவரிடம்தான் வந்து சேரும். அதனால் இந்த வழிகாட்டியில் மரியாதைக்கென்று தனிப் பகுதி இல்லை. சாவி, சோதனை, எண்ணிக்கை எல்லாவற்றிலும் வேலைமுறையோடு சேர்ந்தே வரும்.

மதுரை மத்தியச் சிறையிலோ சுற்றுவட்டார மாவட்டச் சிறை, கிளைச் சிறைகளிலோ இரண்டாம் நிலைக் காவலராகப் புதிதாகச் சேர்ந்தவரை மனதில் வைத்து எழுதியது இது. நேரங்களும் படிவங்களும் சிறைக்குச் சிறை மாறும். அதில் உங்கள் கண்காணிப்பாளரின் உத்தரவே முடிவு.

சட்டத்தில் இவ்வளவு தெரிந்திருந்தால் போதும்: சிறைகள் சட்டம் 1894, தமிழ்நாடு சிறை விதிகள் 1983 இரண்டும்தான் அன்றாட வேலைக்கு அடிப்படை. சிறை வாசலைத் தாண்டியதும் ஒருவரின் அடிப்படை உரிமைகள் முழுவதும் போய்விடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே சுனில் பத்ரா வழக்கில் சொல்லிவிட்டது. கைதிகளை நடத்துவதற்கான ஐ.நா. விதிகள் 2015-ல் திருத்தப்பட்டு நெல்சன் மண்டேலா விதிகள் என்ற பெயரில் இருக்கின்றன. இன்னொன்று, இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார்களா என்று நீதிமன்றம் இன்னும் தீர்மானிக்காதவர்கள். தண்டிப்பது நம் வேலையே இல்லை. தண்டனைக் கைதிக்கும் நீதிமன்றம் கொடுத்த தண்டனை சுதந்திரத்தைப் பறித்தது மட்டும்தான், அதற்கு மேல் நாம் சேர்க்க எதுவும் இல்லை.

பொறுப்பு மாறும் நேரம்

ஷிஃப்ட் தொடங்கக் கால் மணி நேரம் முன்னால் பிளாக்கில் இருங்கள். முந்தைய காவலர் வாசலில் நின்றபடியே "எல்லாம் சரியா இருக்குப்பா" என்று சாவியை நீட்டினால் வாங்காதீர்கள். இருவரும் சேர்ந்து ஒரு சுற்று நடக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அவர் முணுமுணுப்பார், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

நடக்கும்போது ஒவ்வொரு பூட்டையும் கையால் இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குப் பூட்டியதுபோலத் தெரியும் பூட்டு, நாதாங்கியில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கலாம். ஜன்னல் கம்பிகளை லத்தியால் தட்டுங்கள். முழுக் கம்பி கணீரென்று ஒலிக்கும், அறுபட்டது மந்தமாகக் கேட்கும். அறுத்த இடத்தில் சோப்பையும் கரியையும் குழைத்து அப்பி வைத்துவிட்டால் பார்வைக்குத் தெரியாது, நகத்தால் கீறினால்தான் உதிரும். எரியாத பல்பு, தண்ணீர் வராத குழாய், திருப்பி வைக்கப்பட்ட சிசிடிவி கேமரா எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் குழாயில் தண்ணீர் வராத ஒரு பிற்பகல் போதும், பிளாக்கில் சண்டை மூளுவதற்கு.

அப்புறம் ஆட்களைப் பற்றிக் கேளுங்கள். நேற்று புதிதாக வந்தவர் யார், ஜாமீன் தள்ளுபடியானவர் யார், யாருக்கு எந்த வேளைக்கு மருந்து, யாரை யாரோடு சேர்த்து விடக்கூடாது. இதெல்லாம் பதிவேட்டிலேயே இருக்கும். இருக்காத ஒன்றையும் கேளுங்கள்: "அண்ணே, இன்னைக்கு யாரைப் பாத்தா உங்களுக்கு உறுத்துது?" அந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்கள் முதல் இரண்டு மணி நேர வேலை.

எண்ணிக்கை

சிறை வேலையின் முதுகெலும்பு இதுதான். காலை திறப்பு, மதியம், மாலை லாக்கப் ஆகிய வேளைகளில் எண்ணிக்கை எடுத்தே ஆக வேண்டும். வேலைப் பிரிவுக்கு ஆட்கள் போகும்போதும் வரும்போதும் எண்ண வேண்டும்.

1. எண்ணுவதற்கு முன் நடமாட்டத்தை நிறுத்துங்கள். குளியல் தொட்டி, கழிப்பறை, சமையல் கட்டு என்று ஆட்கள் அலையும்போது எடுக்கும் எண்ணிக்கை எண்ணிக்கையே இல்லை.

2. இரண்டிரண்டு பேராக வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். முதியவர், முட்டி வலிக்காரர், கால் உடைந்தவர் நின்றபடி இருக்கட்டும். அவர்களைக் குத்தவைக்கச் சொல்லி அதட்டுவதால் எண்ணிக்கை துல்லியமாகப் போவதில்லை.

3. இரு காவலர்கள் தனித்தனியாக எண்ணி, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல் தாளில் எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும். ஒருவர் சத்தமாகச் சொன்னால் மற்றவர் மனம் அந்த எண்ணுக்கே போய்விடும்.

4. வரவேண்டிய எண்ணை முன்கூட்டியே கணக்கிட்டு வையுங்கள். பிளாக் பலம், அதாவது மொத்த ஆட்கள், 64. நீதிமன்றம் போனவர்கள் 5, மருத்துவமனையில் 1, தறிப் பிரிவில் 12, சமையலில் 4. கண்முன் இருக்க வேண்டியவர்கள் 42. எண்ணியபோது 41 வருகிறது என்றால் முதலில் செய்ய வேண்டியது மறுபடி எண்ணுவது. இரண்டாவதும் 41 என்றால் யாரையும் எழுந்திருக்க விடாமல் பெயர் வாசியுங்கள். பெரும்பாலும் சமையலுக்குப் போன ஐந்தாவது ஆளைப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டிருப்பார்கள். ஆனால் 'பெரும்பாலும்' என்ற நம்பிக்கையில் கணக்கைச் சரிக்கட்டி எழுதக் கூடாது. பெயர் வாசித்தும் ஆள் வராவிட்டால் அந்த நிமிடமே தலைமைக் காவலருக்கும் ஜெயிலருக்கும் தகவல் போக வேண்டும். பத்து நிமிடம் நாமே தேடிப் பார்ப்போம் என்று நினைப்பதுதான் தப்பிப்போகிறவருக்கு நாம் கொடுக்கும் பத்து நிமிடம்.

5. இரவு எண்ணிக்கையில் உடம்பு தெரிய வேண்டும், மூச்சு தெரிய வேண்டும். கம்பளிக்குள் துணியைச் சுருட்டி வைத்து ஆள் படுத்திருப்பதுபோலக் காட்டுவது பழைய வித்தை. டார்ச்சை முகத்தில் அடிக்காமல் மார்புப் பக்கம், சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் பாருங்கள். தலைவரை போர்த்தியிருந்தால் தாழ்ந்த குரலில் பெயர் சொல்லி அழைத்து, முகத்தை மட்டும் காட்டச் சொல்லுங்கள். கம்பியில் லத்தியை உரசி அறுபது பேரையும் எழுப்பி விட்டால் மறுநாள் அத்தனை பேரும் எரிச்சலோடு எழுந்து வருவார்கள்.

சாவியும் வாசலும்

சாவி இடுப்பில் சங்கிலியோடு இருக்க வேண்டும். மேசை மேல், கதவில், கைதியின் கையில் ஒரு நொடிகூட இருக்கக் கூடாது. ஈர சோப்பில் அழுத்தி அச்செடுக்க அந்த ஒரு நொடி போதும். பிரதான வாசலின் வெளிக்கதவும் உள்கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. ஆட்கள் போக வர பெரிய கதவுக்குள் இருக்கும் சிறு கதவான திட்டிவாசல் மட்டும், வண்டி வந்தால்தான் பெரிய கதவு. கண்காணிப்பாளரே வந்தாலும் ஒரு கதவு மூடிய பிறகுதான் மறு கதவு.

பேச்சு

பெயரைச் சொல்லி, 'நீங்க', 'வாங்க' என்று பேசுங்கள். தலைமுடி நரைத்தவரை 'ஐயா', 'பெரியவரே' என்றால் கௌரவம் குறைந்துவிடாது. 'டேய்', 'ஏலே' என்று அழைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதைப் பழகிக்கொண்டவர்கள் அவசரத்தில் ஆணையிட வேறு குரல் இல்லாமல் தவிப்பார்கள். எப்போதும் கத்துபவர் ஆபத்து நேரத்தில் கத்தினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதேபோல 'மாப்ள', 'பங்காளி' என்று நெருங்கவும் வேண்டாம். நாளைக்கு அதே பங்காளியைச் சோதனை போட வேண்டியிருக்கும்.

நம் பக்கத்தில் புது ஆளைப் பார்த்ததும் நாக்கு நுனியில் நிற்கும் கேள்வி, "எந்த ஊரு? யாரு வகையறா?" என்பதுதான். ஊரைத் தெரிந்துகொள்ளும் சாக்கில் சாதியைத் தெரிந்துகொள்ளும் கேள்வி இது. கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். சிறைக்குள் இதைக் கேட்காதீர்கள். 2024 அக்டோபர் 3-ல் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதும் இடம் பிரிப்பதும் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. கைதிகள் பதிவேட்டிலிருந்து சாதிக் கலத்தையே நீக்கச் சொன்னது. மோதலைத் தவிர்க்க என்று சொல்லிப் பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்ததையும் அந்தத் தீர்ப்பு ஏற்கவில்லை. பகை இருக்கும் இருவரைப் பிரிக்கலாம், பிரிக்க வேண்டும். அதற்கு எழுதும் காரணம் குறிப்பிட்ட வழக்கு, குறிப்பிட்ட மிரட்டல், குறிப்பிட்ட நபர் என்று இருக்க வேண்டும். கழிப்பறை கழுவும் பணியை ஒரே ஆட்களுக்குத் தள்ளுகிறார்களா என்று வாரம் ஒருமுறை வேலைப்பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும். பிளாக்குக்குள் பலமான கைதி ஒருவரிடம் 'நீ பார்த்துக்கோ' என்று அதிகாரத்தை விட்டுவிடுவதும் இதே வகைத் தவறு. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தைக் கைதி கையில் கொடுக்கக் கூடாது என்கிறது மண்டேலா விதி 40.

உத்தரவு போடும்போது காரணத்தையும் ஒரு வரியில் சொல்லுங்கள். "மனு இன்னைக்கு அரை மணி நேரம் தள்ளிப் போகுது, கூட்டம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டால் காத்திருப்பார்கள் (வீட்டார் வந்து பார்க்கும் சந்திப்பைத்தான் சிறையில் மனு என்கிறோம்). சொல்லாமல் விட்டால் வதந்தி அந்த இடத்தை நிரப்பும். 'பார்க்கிறேன்' என்று வாக்குக் கொடுத்தால் பாருங்கள். நடக்காவிட்டால் நடக்கவில்லை என்று போய்ச் சொல்லுங்கள்.

சோதனை

ஆணை ஆண் காவலர், பெண்ணைப் பெண் காவலர் மட்டுமே சோதிக்க வேண்டும். திருநர் என்றால் யார் சோதிக்க விருப்பம் என்று கேட்டு, மறைவான இடத்தில், தேவையற்றவர்களை வெளியேற்றிவிட்டுச் செய்யுங்கள். 2022 ஜனவரியில் உள்துறை அமைச்சகம் இதற்கென்றே மாநிலங்களுக்கு அறிவுரை அனுப்பியிருக்கிறது.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். "கையில குத்துற மாதிரி, வெட்டுற மாதிரி எதும் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிருங்க" என்று கேளுங்கள். பலர் சொல்லிவிடுவார்கள், உங்கள் விரல் தப்பிக்கும். பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் நின்று தலையிலிருந்து கீழே போங்கள்: முடி, காதின் பின்புறம், வாய், சட்டைக் காலர், அக்குள், கைமடிப்பு, இடுப்பு, கைலி மடிப்பு, அரைஞாண் கயிறு, கால்சட்டை ஓரத் தையல், பாதத்தின் அடி, கடைசியில் செருப்பு. துணியின் மேல் கையைத் தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள். தேய்த்தால் சிறு பொட்டலம் கையோடு நகர்ந்துவிடும். ஆடையைக் களையச் சொல்லும் சோதனைக்கு மேலதிகாரி உத்தரவும் காரணமும் வேண்டும். அதிலும் மேலாடையைப் போட்ட பிறகு கீழாடை, ஒரே நேரத்தில் முழு நிர்வாணம் வேண்டாம். உடல் துவாரங்களை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

தாயத்து, ஐயப்ப மாலை, குல்லா, சிலுவை இவற்றை அவரையே கழற்றித் தட்டில் வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அவர் கையிலேயே கொடுங்கள். தரையில் போடாதீர்கள். ஒரு மாலையைத் தூக்கி எறிந்ததால் வந்த கலவரத்தை அடக்க ஒரு படையே தேவைப்படும்.

அறைச் சோதனையில் கையை விட்டுத் துழாவாதீர்கள். கண்ணாடியும் டார்ச்சும் குச்சியும் போதும். நடுவில் குடைந்து மூடிய சோப்புக்கட்டி, அடிப்பக்கம் பிரித்து ஒட்டிய பற்பசைக் குழாய், கழிப்பறைப் பீங்கானின் பின்புறம், தையல் பிரித்த தலையணை, பீடிக்கட்டின் உள்வட்டம், கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பு ஆகியவை வழக்கமான ஒளிவிடங்கள். மதுரை மத்தியச் சிறை அரசரடி பக்கம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. சுற்றிலும் சாலையும் வீடுகளும்தான். மதிலுக்கு மேல் பந்துபோல் சுற்றி வீசப்படும் பொட்டலத்துக்கு இது வசதி. காலையில் கைதிகளைத் திறக்கும் முன்பே மதில் ஓரத்தை ஒருவர் நடந்து பார்த்துவிட வேண்டும். பொருள் கிடைத்தால் கிடைத்த இடத்திலேயே படம், நேரம், சாட்சி, கையெழுத்து. அதற்கப்புறம்தான் அசைக்க வேண்டும்.

கலைத்ததைத் திருப்பி அடுக்குங்கள். பிள்ளையின் படத்தை மிதித்துவிட்டுப் போகும் சோதனை அடுத்த சோதனையைக் கடினமாக்கும்.

புதிதாக வருபவரும் முதல் இரவும்

வழிக்காவல் போலீஸ் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும்போது அவசரப்படுத்துவார்கள். வாரண்டில் பெயர், தந்தை பெயர், வழக்கு எண், பிரிவு, அடுத்த ஆஜர் தேதி ஆகியவற்றைப் பாருங்கள். அப்புறம் உடம்பைப் பாருங்கள். நடை சரியில்லையா, உட்கார முடியவில்லையா, உடையில் ரத்தக் கறையா என்று கவனித்து, மருத்துவர் காயங்களைக் குறித்த பிறகுதான் உள்ளே எடுக்க வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, பிறகு அங்குள்ள அரசு மருத்துவமனையில் அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து அதைக் கையிலெடுத்தது. வாசலில் எழுதப்படும் காயக் குறிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் பக்கத்திலேயே இருக்கும் உதாரணம் அது. காவல் மரணம் என்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 196-ன்படி மாஜிஸ்திரேட் விசாரணை வரும். அப்போது முதலில் கேட்கப்படுவது இந்தப் பதிவேடுதான்.

"தினமும் குடிப்பீங்களா? கடைசியா எப்ப குடிச்சீங்க?" என்று எல்லோரிடமும் கேளுங்கள். குற்றம் சாட்டும் குரல் வேண்டாம், நேரக் கணக்குக்காகக் கேட்கிறீர்கள். தினம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை சிலருக்கு இல்லாதவை கண்ணுக்குத் தெரியும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், ஆள் அடையாளம் தெரியாது. இந்தக் கட்டம் உயிரைக் குடிக்கும். பார்க்க 'நடிக்கிறான்', 'பேய் பிடிச்சிருக்கு' என்று தோன்றும். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், மருத்துவர் இல்லாத கிளைச் சிறை என்றால் 108.

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்கும் வழக்கம் ஊரெங்கும் உண்டு. சிறையில் கைக்குக் கிடைக்கும் இரும்பு சாவிக்கொத்துதான்! அது வலிப்பை நிறுத்தாது, சாவி மட்டும் கைமாறும். செய்ய வேண்டியது: சுற்றியுள்ள பொருட்களை நகர்த்துங்கள், தலைக்கடியில் துணி வையுங்கள், அடக்கிப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ அடுத்தடுத்து வந்தாலோ மருத்துவமனை.

தற்கொலை ஆபத்து அதிகமுள்ள நேரங்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: முதல் சில நாட்கள், தீர்ப்பு நாள், ஜாமீன் தள்ளுபடி, மனைவி மனு பார்க்க வருவதை நிறுத்திய வாரம், வீட்டில் சாவு. முதல் முறை சிறைக்கு வந்தவர், குடும்பத்தாரையே தாக்கிய வழக்கில் வந்தவர், ஊரில் பெயர் போய்விட்டதே என்று புலம்புபவர் ஆகியோர் மேல் கூடுதல் கண் வேண்டும். உடைமைகளைப் பிறருக்குக் கொடுப்பது, அழுதுகொண்டிருந்தவர் திடீரென அமைதியாவது இரண்டும் அறிகுறிகள். நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் தனி அறையில் போட்டுப் பூட்டாதீர்கள், தனிமை அதை முற்றவைக்கும். நிதானமான ஒருவர் கூட இருக்கும் அறையில் வைத்து, மருத்துவருக்கும் மனநல ஆலோசகருக்கும் தகவல் சொல்லி, 15 நிமிடத்துக்கு மிகாமல், நேரம் மாற்றி மாற்றிப் பாருங்கள். சரியாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் காவலரின் கணக்கு உள்ளே இருப்பவருக்கும் தெரியும். பதிவேட்டில் மொத்தமாக 'பார்க்கப்பட்டது' என்று பிறகு நிரப்புவதைவிடப் பெரிய துரோகம் இந்த வேலையில் இல்லை.

தூக்கு என்றால் உயரமான உத்தரம் வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஜன்னல் கம்பியில், குழாயில், உட்கார்ந்த நிலையிலேயே நடந்துவிடும். பார்த்ததும் விசில் ஊதி ஆள் கூப்பிடுங்கள். ஒருவர் உடலைத் தூக்கித் தாங்க, மற்றவர் முடிச்சைத் தொடாமல் அதற்கு மேலே துணியை அறுக்க வேண்டும். முடிச்சு விசாரணைக்கு வேண்டும். கழுத்தை அதிகம் அசைக்காமல் படுக்கவைத்து, மூச்சில்லை என்றால் மார்பு நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். அறுக்கும் கருவி எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தகராறு மூளும்போது

இருவர் முட்டிக்கொண்டால் தனியாக இடையில் பாயாதீர்கள். முதலில் தகவல், பிறகு குரல். இரண்டு கை தூரத்தில், ஒருக்களித்து நின்று, கைகளைத் திறந்து வைத்து, ஒருவர் மட்டும் பேசுங்கள். நான்கு காவலர்கள் நான்கு உத்தரவு போட்டால் எதையும் கேட்க முடியாது. மூலைக்குத் தள்ளாதீர்கள், அவர் விலகிப் போக ஒரு வழி வையுங்கள். வேடிக்கை பார்ப்பவர்களை நகர்த்துவது பாதி வேலை. ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்வாங்குவது மதுரைக்காரருக்கு எளிதல்ல என்பது நமக்குத் தெரியாததா? "வாங்க, தண்ணி குடிச்சிட்டுப் பேசுவோம்" என்பது பின்வாங்க அவருக்குக் கிடைக்கும் கௌரவமான படிக்கட்டு. தேர்வையும் கொடுங்கள்: "நீங்களா நடந்து வர்றீங்களா, அஞ்சு நிமிஷம் கழிச்சு வர்றீங்களா?"

பலம் பயன்படுத்தத் தற்காப்பு, தப்பும் முயற்சி, சட்டபூர்வமான உத்தரவுக்கு உடல்ரீதியான எதிர்ப்பு இவை மூன்றுதான் காரணம். தேவைப்படும் அளவுக்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது. திட்டியதற்கு அடிப்பது இதில் வராது. தலை, கழுத்து, முதுகுத்தண்டு, மூட்டு, அந்தரங்கப் பகுதியில் லத்தி படக் கூடாது. குப்புறத் தள்ளி முதுகில் முட்டி போட்டு அமர்வது மிகவும் ஆபத்து. மூச்சு அடைக்கும், துடிப்பதை எதிர்ப்பு என்று நினைத்து இன்னும் அழுத்துவார்கள். கட்டுக்குள் வந்ததும் உடனே ஒருக்களித்துப் படுக்கவையுங்கள் அல்லது உட்காரவையுங்கள். ஒருவர் அவர் முகத்தையும் மூச்சையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கட்டும். பிறகு மருத்துவப் பரிசோதனை, அன்றைக்கே அறிக்கை, சிசிடிவி பதிவைப் பத்திரப்படுத்துவது. அடங்கிய பின் விழும் அடி எல்லாம் குற்றம். யார் அடித்தாலும், உடன் பணிபுரிபவர் அடித்தாலும், தடுக்க வேண்டியது பக்கத்தில் நிற்கும் காவலர்தான்.

மனு நேரம்

உசிலம்பட்டி, பேரையூர், நத்தம் பக்கங்களிலிருந்து விடிகாலை பஸ் ஏறி வருபவர்கள் புது ஜெயில் ரோட்டில் வெயிலில் காத்திருந்து ஒரு சில நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அடையாள அட்டை, என்ன பொருள் அனுமதி என்பதை வாசலிலேயே தெளிவாகச் சொல்லி அனுப்பினால் பாதிச் சண்டை இல்லை. குழந்தையைச் சோதிக்கும்போது தாயின் கண்முன்னால், தாயின் கையாலேயே பையைத் திறக்கச் சொல்லுங்கள். வழக்கறிஞர் பேசும்போது உங்கள் கண் பார்க்கலாம், காது கேட்கக் கூடாது.

மனு முடிந்து திரும்பும் முகங்களைக் கவனியுங்கள். சோதனைக்காக மட்டும் பார்த்துவிட்டு அனுப்புகிறோம். பேசாமல் வந்து பாயில் சுருண்டவரின் பெயர் அடுத்த ஷிஃப்டுக்குப் போக வேண்டும்.

ஜாமீன் கிடைத்தும் பிணை கொடுக்க ஆளில்லாமல் கிடப்பவர்கள் இருப்பார்கள். ஜாமீன் உத்தரவாகி 7 நாளில் விடுதலையாகாவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2023 உத்தரவு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 479-ன்படி, முன்பு தண்டனை பெறாத விசாரணைக் கைதி அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை, மற்றவர் பாதியைக் கழித்திருந்தால் ஜாமீனுக்குக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். ஆயுள், மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. காவலர் செய்ய வேண்டியது, காதில் விழுந்ததை அலுவலகத்துக்குக் கொண்டுபோவது. இலவச சட்ட உதவி எண் 15100-ஐ பிளாக் சுவரில் எழுதி வைப்பதற்குச் செலவே இல்லை.

நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும்

வெளியே கொண்டுபோவது பெரும்பாலும் ஆயுதப்படைப் போலீஸின் வேலை என்றாலும் ஒப்படைப்பது நாம்தான். புறப்படும் முன் சோதனை, மருந்து, சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை. மூன்று மணி நேரம் வேனில் சிறுநீரை அடக்கியவர் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்வார், நிறுத்திய இடத்தில்தான் ஆட்கள் தப்புகிறார்கள்.

கைவிலங்கு வழக்கமாக மாட்டுவது அல்ல என்று 1980-ல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கிலும், நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று 1995-லும் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 43(3) குறிப்பிட்ட கடும் குற்றங்களில் கைது செய்யும்போதும் ஆஜர்படுத்தும்போதும் போலீசுக்கு அனுமதி தருகிறது. எதுவானாலும் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். மாட்டினால் மணிக்கட்டுக்கும் வளையத்துக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும், மேலும் இறுகாதபடி பூட்ட வேண்டும், விரல் மரத்திருக்கிறதா என்று இடையிடையே பார்க்க வேண்டும். பிரசவ வலியிலும் பிரசவத்தின்போதும் அதையொட்டியும் பெண்ணுக்கு விலங்கு கூடவே கூடாது.

மதுரையில் இன்னொரு கணக்கும் உண்டு. அரசு இராஜாஜி மருத்துவமனை கோரிப்பாளையம் பக்கம் பனகல் சாலையில் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை நாளும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் தல்லாகுளம், கோரிப்பாளையம், வைகைப் பாலங்கள் எல்லாம் மனிதத் தலைதான். அந்த நாட்களில் தள்ளிப்போடக்கூடிய பரிசோதனைகளைத் தள்ளிவைத்து, காவல் நீட்டிப்புக்குக் காணொளி ஆஜரைக் கேட்டு, அவசரத்துக்கான மாற்று வழியைப் போக்குவரத்துப் போலீஸிடம் முந்தைய நாளே பேசி வையுங்கள். முதல் ஆஜர் நேரில்தான் ஆக வேண்டும், அதைத் தள்ள முடியாது.

மருத்துவர் அறையில் கதவுப் பக்கமும் ஜன்னல் பக்கமும் நில்லுங்கள். கண்ணுக்குத் தெரியட்டும், நோயாளி சொல்வது உங்கள் காதில் விழ வேண்டியதில்லை.

பெண்கள் சிறையில் தாயோடு 6 வயது வரை குழந்தை இருக்கலாம். அந்தக் குழந்தை கைதி இல்லை. அதற்கான பால், தடுப்பூசி, விளையாட்டு எதுவும் தாயின் நடத்தைக்கான பரிசோ தண்டனையோ ஆகக் கூடாது.

காவலரை வளைக்கும் விதம்

முதல் நாளே யாரும் செல்போன் கேட்பதில்லை. "சார், உங்க ஊரு பக்கம்தான் எங்க மாமா வீடு" என்று தொடங்கும். பிறகு கேண்டீன் பொருளில் ஒரு சின்ன விதிவிலக்கு, வீட்டுக்கு ஒரு செய்தி, ஒரு கட்டு பீடி. அது நடந்த மறுநாள் தொனி மாறும்: "நேத்து நீங்க கொண்டுவந்தது யாருக்காச்சும் தெரிஞ்சா…" உங்கள் மச்சான் எண்ணுக்கு ஜிபேயில் 2,000 ரூபாய் வந்து விழுந்தால் கதை முடிந்தது, பணத்துக்குத் தடம் இருக்கிறது.

முதல் சிறு வேண்டுகோளையே எல்லோர் முன்னிலையிலும் மறுங்கள், அன்றே மேலதிகாரியிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒரு பீடிக் கட்டு கொடுத்துவிட்டிருந்தாலும் இரண்டாவதற்கு முன் போய்ச் சொல்லிவிடுவதுதான் மலிவு. சொந்த ஊர்க்காரரோ உறவினரோ பிளாக்குக்கு வந்தால் எழுதிக் கொடுத்து வேறு பிளாக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, சுற்று மாவட்டக்காரர்களே வேலை பார்க்கும் சிறையில் இது அடிக்கடி வரும்.

அறிக்கை

"கைதி வழக்கம்போல் திமிராக நடந்துகொண்டார், தக்க பலம் பயன்படுத்திக் கட்டுப்படுத்தப்பட்டார்" என்ற அறிக்கை விசாரணையில் உங்களையே கவிழ்க்கும். அதையே இப்படி எழுதலாம்: "காலை 7.40. 3-ம் பிளாக் குழாயடி. வாளி யாருடையது என்பதில் இருவருக்கு வாக்குவாதம். ஒருவர் 'தலைய ஒடைச்சிருவேன்' என்று சொல்லி வாளியை ஓங்கினார். இரண்டு முறை கீழே வைக்கச் சொன்னேன். வைக்கவில்லை. வலது மணிக்கட்டைப் பிடித்து வாளியை வாங்கினேன். லத்தி பயன்படுத்தவில்லை. 7.43-க்குத் தலைமைக் காவலர் வந்தார். 8.05-க்கு இருவரையும் மருத்துவர் பார்த்தார், ஒருவருக்கு மணிக்கட்டில் சிராய்ப்பு."

நேரம், இடம், கேட்ட சொற்கள் அப்படியே, நீங்கள் செய்தது, பார்த்த காயம். குணத்தைப் பற்றிய கருத்து எதுவும் வேண்டாம். கைதி சொல்லும் மறுதரப்பையும் எழுதுங்கள், உங்களுக்கு எதிராக இருந்தாலும். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் எழுதாதீர்கள், இரண்டு காவலர்கள் உட்கார்ந்து பேசி ஒரே வாசகத்தில் எழுதவும் வேண்டாம். தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடுங்கள். வெள்ளை மை பூசிய பதிவேட்டுக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை.